மகுடத்தின் கிழக்குப் பக்கம்

உக்காருங்க, உக்காருங்க, எடம் இருக்குது. பையைக் கீழ வெச்சுருங்க, மடியில வெச்சா கால் மரத்துப் போயிரும். இந்த மேம்பால வேலை முடியற வரைக்கும் இந்த ரோட்டுல பஸ்சு நகராதுங்க. நடந்து போறவன் நமக்கு முன்னால போயிருவான்.

எதைப் பாக்கறீங்க? அந்தக் கண்ணாடிக் கட்டடமா? மகுடம்ங்க. மகுடம் மால். ஆமா, அதேதான், இடிஞ்சுதே அது. எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க, "இடிஞ்ச மாலா?"ன்னு. முழுசும் இடியலைங்க. கிழக்குப் பக்கம் ஒரு துண்டு. அதுவும் ஒருத்தருக்கும் சின்னக் காயங்கூட இல்லாம. இப்பப் பாருங்க, இடிஞ்ச எடம் எதுன்னு உங்களால காட்ட முடியுமா? முடியாது. அதுக்கு மேலதான் ஒம்பது தியேட்டர் நிக்குது.

அப்பப் பேப்பர்ல ஒரு போட்டோ வந்துது, ஞாபகம் இருக்குதுங்களா? கோட்டு போட்டுட்டு ஒரு ஆளு கேடயம் வாங்குவாரு. "மேலாளரின் சமயோசிதம், ஆயிரக்கணக்கானோர் உயிர் தப்பினர்"ன்னு மேல பெருசாப் போட்டிருப்பாங்க. அது நானுங்க. சென்னியப்பன். கோட்டு நம்மளது இல்லை, சின்ன முதலாளியோடது. தோள்பட்டை கொஞ்சம் பெருசா இருந்துது, போட்டோவுல தெரியாது.

என்னங்க, நம்பலையா? நம்பாட்டிப் போங்க. ஆனா இந்த மால் எப்படி வந்துது, எப்படி வளந்துதுன்னு என்னை மாதிரிச் சொல்றதுக்கு ஒருத்தனும் கிடையாது. அது மில்லா இருந்தப்ப நான் அங்க எலெக்ட்ரீசியன். மில்லை மூடினாங்க. எல்லாத்தையும் கணக்கு முடிச்சு அனுப்புனாங்க. பெரிய முதலாளி என்னைக் கூப்பிட்டு, "சென்னியப்பா, மெசினெல்லாம் வித்து முடியற வரைக்கும் நீ இரு, லைனெல்லாம் உனக்குத்தான் தெரியும்"ன்னாரு. இருந்தேன். மெசின் போச்சு. ஓட்டுக் கூரை போச்சு. நான் மட்டும் இருந்தேன். அதே எடத்துல மாலுக்கு மொத ஒயரை இழுத்தவன் நான்தாங்க.

மொதல்ல மூணு மாடி. கீழ சூப்பர் மார்க்கெட்டு, அதுக்கு மேல துணிக்கடை, அதுக்கும் மேல ஓட்டல். நம்மூருல அப்ப நகர்ற படிக்கட்டு பாத்தவன் யாரு? செருப்பைக் கழட்டிக் கையில வெச்சுட்டு ஏறுனாங்க. சேலை மாட்டிக்குமோன்னு மொத ஒரு மாசம் நான் செவப்புப் பட்டனுக்குப் பக்கத்துலயே நின்னேன், காலைல இருந்து ராத்திரி வரைக்கும். ஒரு அசம்பாவிதம் இல்லை. அப்பவே நம்மகிட்ட அந்தக் கவனம் இருந்துதுங்க. அதை யாரும் எழுதல.

அஞ்சாறு வருசங் கழிச்சு ரெண்டாவது கட்டம். பெரியவர் படுத்துட்டாரு, மகன் பிரணவ், அதான் சின்ன முதலாளி, வெளிநாட்டுல படிச்சுட்டு வந்தாரு. வந்ததும் முதல் வேலையா என்ன சொன்னாருங்கறீங்க? "அண்ணா, கூட்டம் வரக்கூடாது. வாங்கறவங்க மட்டும் வரணும்"ன்னாரு. என்னை அண்ணான்னுதாங்க கூப்பிடுவாரு. இன்னிக்கு வரைக்கும். அத்தனை படிச்ச மனுசன். வளையல் கடை போச்சு, சப்பாத்திக் கடை போச்சு. வாட்ச்சுக் கடை வந்துது, செண்ட்டுக் கடை வந்துது, ஒத்தைத் தோல்பையைக் கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெச்சு லைட் அடிக்கற கடையெல்லாம் வந்துது. வெயில் காலத்துல சனங்க சும்மா ஏசிக்காக வந்து உக்காந்திருக்கும், பாத்திருப்பீங்க. போன்னு சொல்ல முடியுமா? நான்தான் சொன்னேன், பெஞ்சை எடுத்துருவோம், அங்க செடித்தொட்டி வெப்போம்ன்னு. யார் மனசும் நோகாமக் கூட்டம் கொறைஞ்சு போச்சு. "அண்ணா, நீங்க ஜீனியஸ்"ன்னாரு. அந்த வருசம்தான் என்னைப் பராமரிப்பு மேனேஜர் ஆக்குனாங்க.

மூணாவது கட்டத்துலதான் இந்த வம்பெல்லாம். கிழக்கால பழைய பஞ்சுக் குடோன் இருந்த எடத்துல தியேட்டரு, அதுக்குக் கீழ மூணு அடுக்குக் கார் நிறுத்தம். நாப்பத்தஞ்சு அடி தோண்டணும், நம்ம கட்டடத்தை ஒட்டியே. ஒட்டின்னா, நம்ம சொவத்துக்கும் குழிக்கும் ரெண்டு ஆள் நிக்கற எடவெளி. மால் ஒரு நாள்கூட மூடக்கூடாது. கூட்டம் பாட்டுக்கு உள்ள வாங்கிட்டு இருக்கோணும், அவங்க பாட்டுக்கு வெளிய தோண்டிட்டு இருக்கோணும். அதைச் சமாளிக்கறது யாரு? நானு.

இந்த நேரத்துலதான் மாராத்தா.

மாராத்தாள்ன்னு பேருங்க. துப்புரவுப் பிரிவுக்கு அதுதான் சூப்பர்வைசர். மில்லுக் காலத்து ஆளு, என்னைவிட நாலு வயசு மூத்தது. மத்த பொம்பளைங்க எல்லாம் கான்ட்ராக்ட், இது மட்டும் பெரியவர் காலத்துலயே கம்பெனி ஆளு. வேலை சுத்தமாச் செய்யும், அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். மில்லுல இருந்தப்ப என்னைச் சென்னியப்பான்னு கூப்பிட்டுட்டிருந்தது, நான் மேனேஜர் ஆனப்பொறவு சாருன்னு கூப்பிட்டுது. நான் கேக்கல, அதாத்தான் கூப்பிட்டுது. ஆனா ஒரு கொணம், எதையாச்சும் பாத்தா விடாது. வந்து சொல்லும். மறுபடி வந்து சொல்லும்.

புரட்டாசிக் கடைசில வந்துது. "சார், கிழக்கால கீழ்த்தளத்துல லேடீஸ் பாத்ரூம் கதவு ரெண்டு சாத்த மாட்டேங்குதுங்க"ன்னு. மழைக்காலத்துல மரக்கதவு ஊதும்ங்க, ஊதாதா? ஆசாரியை வெச்சு இழைக்கச் சொன்னேன். ஒரு வாரத்துல மறுபடி. "இப்ப நாலு கதவுங்க சார். கதவு ஊதலைங்க, நெலவுச் சட்டந்தான் சாஞ்சிருக்குது." நெலவு சாஞ்சிருக்குதுன்னு சொல்ல அது என்ன இன்ஜினியரா? மறுபடி இழைச்சோம். அப்புறம் தரை ஓடு. ஒண்ணொண்ணா எந்திரிச்சு நிக்குது, பொரி பொரியற மாதிரி சத்தம் வருதுன்னுச்சு. ஓட்டையும் மாத்துனேன். எல்லாத்தையும் மாத்திக் குடுத்தேங்க. ஒண்ணையும் நான் செய்யாம விடல, அதை நீங்க கவனிக்கோணும்.

பொறவு படிக்கட்டுச் சொவத்துல கோடு விழுந்துது. விரிசல்ன்னு சொல்ல முடியாது, கோடு. குழி தோண்டற கம்பெனியோட இன்ஜினியர் வந்து, அந்தக் கோட்டுக்குக் குறுக்க நாலு எடத்துல சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டிட்டுப் போனாரு. சொவரு நகந்தாக் கண்ணாடி ஒடையும், நகராட்டி அப்படியே இருக்கும். அவ்வளவுதான் அதோட வேலை. நாலாம் நாள் ரெண்டு ஒடைஞ்சுது. சின்ன முதலாளிகிட்டச் சொன்னேன். சொல்லலைன்னு யாரும் சொல்லக்கூடாது, சொன்னேன். அவர் என் தோள் மேல கை போட்டு, "அண்ணா, தீபாவளி முடியட்டுமே"ன்னாரு.

முடியட்டுமேன்னா என்ன அர்த்தம்? பெரிய எடத்துல எல்லாத்தையும் பச்சையாச் சொல்ல மாட்டாங்க. நாமதான் புரிஞ்சுக்கோணும். நான் ரெண்டு புதுக் கண்ணாடி வாங்கி ஒட்டுனேன். ஒடைஞ்சதைக் குப்பையில போடச் சொல்லி மாராத்தாகிட்டக் குடுத்தேன். வாங்கிட்டுப் போச்சு. ஆனா என்னை ஒரு பார்வை பாத்துது பாருங்க.

தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை. மூணு நாளா மழை விடாமப் பேஞ்சு, அன்னிக்குத்தான் வெறிச்சுது. ஊரே மாலுக்குள்ள. வாங்கறவங்க மட்டும் வரணும்ன்னு சொன்னதெல்லாம் தீபாவளிக்குச் செல்லாதுங்க. நடக்க எடமில்லை. அன்னிக்குன்னு பாத்து தியேட்டர் கம்பெனிக்காரங்க பம்பாயில இருந்து வந்திருந்தாங்க, சின்ன முதலாளி அவங்களைச் சுத்திக் காட்டிட்டிருந்தாரு. நான் ரெண்டாவது மாடில கன்ட்ரோல் ரூம்புல. முப்பத்திரெண்டு கேமரா, ஒரு மைக்கு.

மூணு மணிக்கு வந்துது. "சார், பாத்ரூம்புல ஒரு புள்ளை மாட்டிக்கிச்சு, கதவைப் பேத்துத்தான் வெளிய எடுத்தோம்." சரி, அந்தப் பாத்ரூம்பைப் பூட்டிருன்னேன்.

மூணரைக்கு வந்துது. "சார், வாட்ச்சுக் கடை ஷட்டரு நடுவுல வளைஞ்சுட்டு நிக்குது. பாதி எறக்கிப் பாத்தோம், எறங்கல, ஏறல." கடைக்காரன் ஷட்டரு, கடைக்காரன் பாத்துக்குவான்னேன்.

நாலு மணிக்கு மறுபடி. இந்தத் தடவை கதவைக்கூடத் தட்டல. உள்ளங்கையை விரிச்சுக் காட்டுச்சு. கண்ணாடித் துண்டு. நாலும் ஒடைஞ்சிருந்தது. கையில லேசா ரத்தம்.

"சனங்களை வெளிய அனுப்புங்க சார்"ன்னுச்சு.

"மெதுவாப் பேசு. முதலாளி இந்த மாடிலதான் இருக்கறாரு. ஒம்பதரைக்குக் கடை சாத்துனப்பொறவு நானே வந்து பாக்கறேன்"ன்னேன்.

அப்பக் கேட்டுதுங்க. ரூம்புல ரெண்டு செக்யூரிட்டிப் பசங்க இருக்கறாங்க, அவங்களுக்கு முன்னால. "ஒம்பதரை வரைக்கும் நிக்கோணும்ன்னு அந்தச் சொவத்துக்குச் சொல்லிட்டயா சென்னியப்பா?"

சென்னியப்பாவாம். நீங்களே சொல்லுங்க, ஒரு மேனேஜரைப் பாத்து, கீழ வேலை செய்யறவங்களுக்கு முன்னால இப்படிப் பேசலாமா? "வெளிய போ"ன்னேன். போச்சு. நெசமாவே போச்சு. நானும் விட்டுது சனியன்னு கேமராவைப் பாத்தேன். பாத்தா, அது தாழ்வாரத்துல நடந்து போகுது, மூலைல சொவத்துல அந்தச் செவப்புப் பொட்டி இருக்குமே, தீப்பிடிச்சா ஒடைக்கறது, அதுக்கு முன்னால போய் நின்னுது. கையில தொடப்பம் வெச்சிருந்தது. கட்டையால ஒரே குத்து.

அந்த மணிச் சத்தம் கேட்டிருக்கீங்களா? கேட்டிருக்க மாட்டீங்க. பல்லுக்குள்ள அடிக்கற மாதிரி இருக்கும்.

சனங்க ஓடுச்சு. நாலா பக்கமும். நான் எதுக்குப் பயந்தேன்னா நெரிசலுக்குங்க. ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து செத்தா? அந்தப் பொம்பளை அதையெல்லாம் யோசிச்சுதா? நான் யோசிச்சேன். மைக்கை எடுத்தேன். "அன்பான வாடிக்கையாளர்களே, இது தவறுதலாக அடித்த மணி. பதற்றப்பட வேண்டாம். மகுடம் முற்றிலும் பாதுகாப்பாக உள்ளது. தயவுசெய்து உள்ளே திரும்பி வந்து உங்கள் தீபாவளிக் கொள்முதலைத் தொடருங்கள்." மூணு தடவை சொன்னேன். இங்கிலீசுலயும் சொன்னேன். கொரலு நடுங்கவே இல்லை.

இதை வெளிய எங்கியும் சொல்லிறாதீங்க. உங்ககிட்ட ஏதோ பேச்சு வாக்குல வந்துருச்சு. கோர்ட்டுல நான் இப்படிச் சொல்லல.

சரி, சொல்ல வந்ததைச் சொல்லிர்றேன். மேற்கு வாசல்ல சனங்க நின்னாங்க, யோசிச்சாங்க, திரும்ப உள்ள வர ஆரம்பிச்சாங்க. மணியையும் நிறுத்திட்டேன். எல்லாம் சரியாயிருச்சுன்னு இருந்தப்ப, ரோட்டைப் பாத்த கிழக்கு வாசல் கேமராவைப் பாக்கறேன். துப்புரவுப் பொம்பளைங்க பதினாலு பேரு. வரிசையா நிக்கறாங்க. தரை ஈரமா இருந்தா மஞ்சளா ஒரு பலகை வெப்பாங்களே, ஆள் வழுக்கற படம் போட்டிருக்கும், அதை ஆளுக்கொண்ணு நெஞ்சுக்குக் குறுக்கப் பிடிச்சுட்டு. உள்ள இருக்கறவங்களை வெளிய தள்ளறாங்க, வெளிய இருக்கறவங்களை உள்ள விடல. நடுவுல மாராத்தா. நம்ம செக்யூரிட்டி ஒருத்தன் கையைப் பிடிச்சு இழுக்கறான், பலகையால அவனை நெட்டித் தள்ளுது.

நான் எறங்கி ஓடுனேன். இன்னிக்கு இதை வேலையை விட்டே தாட்டிடறதுன்னு முடிவோடதான் எறங்குனேன். ஒரு மாடி எறங்கியிருப்பேன். காலுக்குக் கீழ என்னமோ மாதிரி ஆச்சு. சத்தம் பொறவுதான் வந்துது. லாரில இருந்து ஜல்லி கொட்டற மாதிரி, ஆனா நிக்காம. தூசி வந்து கண்ணை மறைச்சுருச்சு.

கரண்டு போகலைங்க. கிழக்குப் பக்கம் லைன் அறுந்தும், மிச்ச எடத்துல ரெண்டே செகண்டுல ஜெனரேட்டர் எடுத்துக்குச்சு. அது என் வேலை. இருட்டாகியிருந்தா என்ன ஆயிருக்கும்ன்னு யாராவது யோசிச்சாங்களா?

பாத்ரூம்பு, படிக்கட்டு, வாட்ச்சுக் கடை, மேல காப்பிக் கடை, எல்லாம் சேந்து அந்தக் குழிக்குள்ள போயிருச்சு. குழிக்குள்ளயும் ஞாயித்துக்கிழமைங்கறதால ஆளில்லை. காப்பிக் கடைல அரை மணி நேரத்துக்கு முந்தி எழுபது எம்பது பேர் உக்காந்திருந்தாங்க. குடிச்ச டம்ளரெல்லாம் அப்படியே இருந்திருக்கும். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல.

அடுத்த நாள் காலைல சின்ன முதலாளி கூப்பிட்டாரு. வக்கீலு ஒருத்தர் கூட இருந்தாரு. முதலாளி மொகமெல்லாம் வீங்கிக் கெடந்துது, பாவம். "அண்ணா, மணியை அடிக்கச் சொன்னது நீங்கதானே?"ன்னு கேட்டாரு. கேட்ட விதத்துலயே இருந்துது பதிலு. நான் ஆமான்னு சொல்லவே இல்லைங்க. என் வாயால அந்த வார்த்தை வரவே இல்லை. தலையை ஆட்டுனேன். அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அவங்களா எழுதிக்கிட்டாங்க.

விசாரணைக் கமிட்டி வந்துது. அதுக்குள்ள மாராத்தா அங்கயும் இங்கயும் கண்ணாடித் துண்டைப் பத்திப் பேச ஆரம்பிச்சுருச்சு. ஒடைஞ்சதை எடுத்துப்போட்டுப் புதுசு ஒட்டுனாங்கன்னு. கம்பெனி பேரு என்ன ஆகும்? அங்க ஆயிரத்தி எரநூறு பேர் சோறு திங்கறாங்க. அதனால செக்யூரிட்டியை அடிச்சது, வாடிக்கையாளரைத் தடுத்தது, மேலதிகாரி சொல்லைக் கேக்காததுன்னு போட்டு நீக்கிட்டாங்க. கடுதாசில கையெழுத்து என்னோடதுதான். மேனேஜர்தானே போடோணும்? அந்தப் பதினாலு பேரும் அதே வாரம் நின்னுட்டாங்க. யாரு போகச் சொன்னா? யாரும் சொல்லல.

கேடயம் குடுத்த அன்னிக்கு ஊரே கை தட்டுச்சு. எங்கூட்டுக்காரி வரல. தலைவலின்னா.

அவ பேரு கோகிலவாணி. இடிஞ்ச அன்னிக்கு அவளும் மாலுக்கு வந்திருந்தா. எனக்குத் தெரியாது, எனக்குச் சட்டை எடுக்கத்தான் வந்திருக்கறா. பொறவு சொன்னா, "நானும் அங்கதான் இருந்தேன்"ன்னு. அவ்வளவுதான் சொன்னா. கிழக்கு வாசலா, மேற்கு வாசலா, ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல. உசிரோட இருக்கறா, பொறவு என்ன கேக்கறது? ரெண்டு வருசம் ஆச்சுங்க. சமைப்பா, துவைப்பா, கேட்டதுக்குப் பதில் சொல்லுவா. கொறை சொல்ல முடியாது.

மாராத்தா தொழிலாளர் கோர்ட்டுக்குப் போயிருச்சு, வேலை திரும்ப வேணும்ன்னு. போன மாசம் நான் கம்பெனி சார்பா சாட்சி சொன்னேன். மணியை அடிக்கச் சொன்னது நான், கட்டளை குடுத்தது நான், இந்தம்மா அதுக்குமேல அத்துமீறி நடந்துச்சுன்னு. நல்லாத்தான் சொன்னேன். இன்னிக்கு அந்தப் பக்கத்துச் சாட்சி. காலைல எங்கூட்டுக்காரி எனக்கு இட்லி வெச்சுக் குடுத்துட்டு, சேலை மாத்திட்டு வந்தா. "எங்க கெளம்பிட்டே?"ன்னேன். "கோர்ட்டுக்கு. நீங்க பொறவு கார்ல வாங்க. ஒண்ணாப் போறது நல்லா இருக்காது"ன்னா.

அப்பவும் எனக்குப் புரியலைங்க. எனக்குத் தொணைக்கு வர்றாளாக்கும்ன்னு நெனச்சேன்.

கூண்டுல ஏறுனா. பேரைச் சொன்னா. அந்தப் பக்கத்து வக்கீலம்மா கேட்டாங்க, "அன்னிக்கு மைக்குல என்ன கேட்டுது?"ன்னு.

"தப்பா அடிச்ச மணி, எல்லாரும் உள்ள வாங்கன்னு கேட்டுதுங்க."

"யார் கொரல் அது?"

"எங்கூட்டுக்காரர் கொரலுங்க."

"எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"இருபத்தாறு வருசமாக் கேக்கறனுங்களே."

கோர்ட்டுல ரெண்டு மூணு பேர் சிரிச்சாங்க. அவ சிரிக்கல. அவ பாட்டுக்குச் சொல்லிட்டே போறா, காய்கறிக்காரங்கிட்டப் பேசற மாதிரி. "நான் வெளிய வந்துட்டனுங்க. அவர் கொரலைக் கேட்டு மறுபடி உள்ள போகத் திரும்புனேன். மாராத்தாக்கா பலகையைக் குறுக்க வெச்சுட்டு விடல. அவங்க யாருன்னு அப்ப எனக்குத் தெரியாது, நான் யாருன்னு அவங்களுக்கும் தெரியாது. 'அது எங்கூட்டுக்காரர் பேசறாருங்க, அவர் தெரியாமச் சொல்ல மாட்டாரு'ன்னேன். அதுக்கு அவங்க என் கையைப் பிடிச்சுட்டுச் சொன்னாங்க, 'தெரிஞ்சுதான் அம்மிணி சொல்றாரு, போகாதீங்க'ன்னு."

இதை நான் இன்னிக்குத்தாங்க மொதல் தடவையாக் கேக்கறேன். ரெண்டு வருசமா ஒரே ஊட்டுல இருக்கறோம். தெனமும் எனக்கு வட்டல்ல சோறு போட்டுக் குடுக்கறா.

நீங்களே சொல்லுங்க, ஒரு பொம்பளை இன்னொரு பொம்பளைகிட்ட அவ புருசனைப் பத்திச் சொல்ற பேச்சா இது? தெரிஞ்சுதான் சொல்றாராம். எனக்கு என்ன தெரியும்? கட்டடம் இத்தனை மணிக்கு இடியும்ன்னு எனக்குத் தெரியுமா? கண்ணாடி ஒடைஞ்சது தெரியும். ஒடைஞ்சாத் தெரியாதா? ஆனா இடியும்ன்னு தெரியுமா?

அப்புறம் ஜட்ஜ் அம்மா என்னை மறுபடி கூப்பிட்டாங்க. மூக்குக் கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு, நேராக் கேட்டாங்க, "உங்க சம்சாரம் சொல்றது பொய்யா?"

அவ அங்கதான் நிக்கறா, எனக்கும் அவளுக்கும் நடுவுல ஒரு மேசை. கம்பெனி வக்கீல் பேனாவை உருட்டிட்டே என்னைப் பாக்கறாரு. என்ன சொல்லோணும்ங்கறீங்க? பொய்யின்னு சொல்லலாமா? கட்டுன பொண்டாட்டியை, ஊரறியப் பொய் சொல்றவள்ன்னு நான் சொல்லுவனா? நான் அப்படிப்பட்டவன் இல்லைங்க.

"பொய்யில்லீங்க மேடம்"ன்னேன். "கூட்டம், தள்ளுமுள்ளு, பயம். சரியாக் காதுல விழுந்திருக்காது. வெளிய போங்கன்னுதான் நான் சொன்னேன். அவளுக்கு அது வேற மாதிரி கேட்டிருக்கும்."

நல்ல பதில்தானே? அவளுக்கும் கெட்ட பேரு இல்லை, கம்பெனிக்கும் கெட்ட பேரு இல்லை. வக்கீல்கூட வெளிய வந்து என் கையைக் குலுக்குனாரு. ஜட்ஜ் அம்மா என்னமோ எழுதிக்கிட்டாங்க, ரொம்ப நேரம் எழுதுனாங்க. தீர்ப்பு அடுத்த மாசமாம். எழுதி முடிச்சுட்டு அந்தம்மா என்னைப் பாக்கல, இவளைப் பாத்தாங்க. "நீங்க போலாம்மா"ன்னாங்க, ரொம்பத் தணிஞ்ச கொரல்ல. அது எனக்குப் பிடிக்கல.

இவ என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. பையில இருந்து தண்ணி பாட்டிலை எடுத்து மாராத்தாகிட்டக் குடுத்தா. ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாங்க. எனக்குக் கம்பெனி கார் நிக்குதுங்க, ஏசி போட்டுக் கதவைத் தொறந்து வெச்சுட்டு டிரைவர் நிக்கறான். அதைப் போகச் சொல்லிப்போட்டு, அவங்க ஏறுன பஸ்சுல நானும் பின் வாசல்ல ஏறிட்டேன்.

ஆமாங்க, இந்த பஸ்சுதான். அதோ, டிரைவருக்குப் பின்னால ரெண்டாவது சீட்டு. ஊதாச் சேலை. பக்கத்துல நரைச்ச கொண்டை, அதான் மாராத்தா. மெதுவாப் பாருங்க. விரலை நீட்டாதீங்க. இத்தனை நேரமும் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கல, பாத்துட்டுத்தான் இருக்கறேன்.

நகந்துருச்சு. அப்பாடா, பாலத்தைத் தாண்டிட்டான். இனி சின்னியம்பாளையம் அஞ்சு நிமிசம். அங்கதான் எங்க வீடு. எறங்கி நடக்கறப்பச் சொல்லிக்கலாம்ன்னு இருக்கறேன். கோவமாத்தான் இருப்பா. நான் என்ன சொன்னேன்னு நிதானமா எடுத்துச் சொன்னாப் புரிஞ்சுக்குவா. உனக்குக் கெட்ட பேரு வராத மாதிரிதானே சொன்னேன்னு சொன்னா...

வந்துருச்சு. ஏனுங், கொஞ்சம் காலை நகத்துங்க.

இப்ப எந்திரிப்பா பாருங்க. பையை எடுத்துட்டா. இல்லை, மடிலதான் வெச்சுக்கறா.

ஏறறவங்க எல்லாம் ஏறிட்டாங்களே. எந்திரிக்கலையே. சின்னியம்பாளையம்ன்னு கண்டக்டர் ரெண்டு தடவை கத்திட்டாரு.

வாணி! ஏ வாணி! நம்ம ஸ்டாப்பு!

பாருங்க, பஸ்சே திரும்பிப் பாக்குது. டிரைவர்கூடக் கண்ணாடில பாக்கறாரு. மாராத்தாகூடத் திரும்பிட்டுது. இவ மட்டும் சன்னல் பக்கம் பாத்துட்டே உக்காந்திருக்கறா. மாராத்தாவுக்குக் கேக்குது, ஒட்டி உக்காந்திருக்கறவளுக்குக் கேக்காதுங்களா?

இல்லைங்க கண்டக்டரே, நான் எறங்கல. விசில் ஊதுங்க. மாராத்தா வீடு கணியூருல. கணியூருக்கு ஒரு டிக்கெட் குடுங்க. ஒண்ணு போதும். அவங்க முன்னாலயே எடுத்துட்டாங்க.